கர்த்தர்கிட்ட கேட்டுச் சொல்லுதேன்

உக்காரு பிள்ள, உக்காரு. பையை நான் மடியில வச்சுக்கிடுதேன். எங்க இறங்கணும்? நாசரேத்தா? நான் அதுக்கு முன்னாடியே இறங்கிருவேன், கிருபாபுரம் விலக்கு ஸ்டாப்புல. உன் நெத்தியில பொட்டு இல்ல, கழுத்துல சின்னதா சிலுவை. நம்ம சனம்னு பாத்ததுமே தெரிஞ்சுட்டு. இல்லன்னா நான் பஸ்ல யார்கிட்டயும் வாய் திறக்கிறவ இல்ல.

தங்கச்சிய ஜங்ஷன்ல ரயில் ஏத்திட்டு வாறேன். பியூலான்னு பேரு. சென்னைக்குப் போயி, அங்கருந்து ஒரிசா. காட்டுக்குள்ள ஏதோ ஒரு மிஷன் ஆஸ்பத்திரியாம், அங்க நர்ஸு வேலைக்கு. சின்னப் பிள்ளைன்னு நினைக்காத, நாப்பத்தஞ்சு வயசு. கல்யாணம் ஆகல. இங்க டவுண் ஆஸ்பத்திரியில சீனியர் நர்ஸு. இன்னும் பதிமூணு வருஷம் சர்வீஸ் கிடக்கு. அதை எழுதிக் குடுத்துட்டுப் போறா.

போகட்டும். அவ போறது எனக்குப் பெருசில்ல. ஊழியத்துக்குப் போறத நான் தடுப்பேனா? எங்க சர்ச் பெண்கள் ஐக்கியத்துக்கு இருபத்தாறு வருஷம் செயலாளரா இருந்தவ நான். வடக்க இருக்கிற மிஷனெரிமாருக்காக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பேர் சொல்லி ஜெபிக்கிறவ. தெபோராள் டீச்சர் ஜெபிச்சா கேக்கணும்னு சுத்துப்பட்டு ஊரெல்லாம் சொல்லும். கர்த்தர்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமப் போறா பாரு, அதத்தான் என்னால தாங்க முடியல. இவ்வளவு பெரிய காரியம். ஒரு வார்த்தை கேக்கல. கேக்க மாட்டேன்னு என் முகத்தப் பாத்துச் சொன்னா.

நான் அப்படியா வளத்தேன் அவள?

எங்கப்பா உபதேசியார். சர்ச்சுல ஐயருக்கு அடுத்தபடி. எங்க பக்கம் பாதிரியாரை ஐயர்னுதான் சொல்லுவோம், உனக்குத் தெரிஞ்சிருக்கும். அம்மா காய்ச்சல்ல போகும்போது பியூலாவுக்கு மூணு வயசு, எனக்குப் பதினெட்டு. அஞ்சு வருஷத்துல அப்பாவும் போயிட்டாவ. அப்ப நான் எங்க ஊர் மிஷன் ஸ்கூல்ல வேலைக்குச் சேந்து ரெண்டு வருஷம். எட்டு வயசுப் பிள்ளைய இடுப்புல தூக்க முடியுமா, முதுகுல தூக்க முடியுமா. கையப் பிடிச்சுக்கிட்டேன். அந்தக் கையை நேத்து வரைக்கும் விடல.

எனக்கும் மாப்பிள்ளை வந்துச்சு பிள்ள. வராம இல்ல. சாயர்புரத்துல ஒரு வாத்தியார். நல்ல ஆளு, உயரமா இருப்பாவ. பொண்ணு பாக்க வந்த இடத்துல அவுக அம்மா கேட்டா, தங்கச்சிய எங்க விடப் போறீய, ஹாஸ்டல்லயான்னு. பியூலா கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டுட்டு நிக்கா. நான் காப்பி டம்ளரை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டேன். அவ்வளவுதான், முடிஞ்சுது. அதுக்கு ஜெபமா பண்ணிக்கிட்டு இருப்பாவ? யோசிக்கக்கூட இல்ல. பிள்ளை நிக்கி, அதை விட்டுட்டுப் போக முடியாது. இதுல கேக்கதுக்கு என்ன இருக்கு.

ஆனா பியூலா விஷயத்துல நான் எதையும் கேக்காமச் செஞ்சது கிடையாது. அவளை எந்த ஸ்கூல்ல போட, அவ நர்ஸிங் படிக்கவா வேண்டாமா, எல்லாத்துக்கும் முழங்கால்தான். யார் வந்து என்ன கேட்டாலும் என் வாயில வாறது ஒரே வார்த்தை, கர்த்தர்கிட்ட கேட்டுச் சொல்லுதேன். ஊர்ல சின்னப் பிள்ளைக அதைச் சொல்லிக் கேலி பண்ணும். பண்ணட்டுமே.

அவளுக்கு இருபத்திரெண்டு வயசு இருக்கும்போது ஒரு கன்வென்ஷன். பந்தல்ல ரெண்டாயிரம் பேர் இருப்பாவ. பிரசங்கியார் கடைசியில, வட தேசத்துக்கு ஊழியத்துக்குப் போக ஒப்புக்கொடுக்கிறவங்க எழும்பி நில்லுங்கன்னு சொன்னாரு. அங்க ஒண்ணு இங்க ஒண்ணா நாலஞ்சு பேர் நின்னாவ. பக்கத்துல பாத்தா, என் தங்கச்சி நிக்கா. நான் அவ சேலை முந்தியப் பிடிச்சு இழுத்தேன். உக்காருளா, எல்லாரும் பாக்காவன்னேன். அவ உக்காரல. கண்ணை மூடிக்கிட்டு நிக்கா. அழுதுக்கிட்டே சிரிக்கா. அப்படி ஒரு முகத்த நான் அவகிட்ட அதுக்கு முன்னாடி பாத்ததில்ல.

வீட்டுக்கு வந்து கேட்டேன், என்னளா அப்படி நின்னுட்டேன்னு. “கூப்பிட்ட மாதிரி இருந்துச்சுக்கா”ன்னா. யாரு கூப்பிட்டான்னேன். “என்னக்கா இப்படிக் கேக்க”ன்னா.

எனக்கு என்னமோ போல ஆயிட்டு. நாப்பது நாள் உபவாசம் இருந்தவுகளுக்கே கிடைக்காத சத்தம், இவளுக்குப் பந்தல்ல உக்காந்து கடலை கொறிச்சுக்கிட்டு இருக்கும்போது கிடைச்சுட்டாமா? உணர்ச்சி பிள்ள, எல்லாம் உணர்ச்சி. பாட்டு, மைக்கு, கூட்டம். அதை நம்பி வாழ்க்கைய முடிவு பண்ண முடியுமா?

மறு வருஷம் ஐயரே ஒரு சம்பந்தம் கொண்டாந்தாவ. ஹென்றின்னு பேரு. பக்கத்துச் சேகரத்துச் சர்ச் பையன்தான். ஒரிசாவுல மிஷன் ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கிற வேலை. லீவுல வந்திருந்தான். அவனும் அவுக அம்மாவும் வந்தாவ. ஒல்லியா, கருப்பா, செருப்பு வாரு பிஞ்சு அதை நூல் போட்டுத் தச்சிருந்தான். அந்த ஊர்ல பாதி நாள் கரண்டு இருக்காதுங்கான், மழைக்காலத்துல ஆத்தத் தாண்ட முடியாதுங்கான், பாம்புக்கடி கேஸு வாரத்துக்கு நாலு வருதுங்கான். பொண்ணு பாக்க வந்தவன் பேசுத பேச்சா இது? இவ கண்ணை எடுக்காமக் கேட்டுக்கிட்டு இருக்கா. நர்ஸு எத்தனை பேருன்னு கேக்கா. ரெண்டே பேருன்னதும், அப்ப பிரசவத்துக்கு யாரு நிப்பான்னு கேக்கா. கல்யாணப் பேச்சையே காணோம், ரெண்டும் ஆஸ்பத்திரியையே பேசுதுக.

அவுக போனப்பறம் பியூலா வந்து என் பக்கத்துல உக்காந்தா. “எனக்குச் சம்மதம்க்கா. நீ என்ன சொல்லுத”ன்னா.

நான் என்ன சொல்ல? கர்த்தர்கிட்ட கேட்டுச் சொல்லுதேன்னேன்.

மூணு நாள் உபவாசம் இருந்தேன். தண்ணி மட்டுந்தான். அவ டூட்டிக்குப் போயிருவா. நான் ஸ்கூலுக்கு லீவு சொல்லிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டு முழங்கால்ல நின்னேன். முதல் நாள் சாயங்காலம் சீட்டு எழுதினேன். எங்க வீட்டுல எப்பவும் உண்டு அந்தப் பழக்கம், அப்பாவும் போடுவாவ. ஒரு துண்டுல ‘போ’, ஒரு துண்டுல ‘இரு’. டம்ளர்ல போட்டுக் குலுக்கி, ஜெபம் பண்ணி எடுத்தேன். ‘போ’ன்னு வந்துச்சு.

ஆனா ஜெபத்துக்கு நடுவுல பால்காரன் மணியடிச்சுட்டான் பிள்ள. மனசு கலைஞ்சுட்டு. அதை எப்படிக் கணக்குல எடுக்க? எடுக்கல. ரெண்டாவது நாள் அதே நேரத்துக்குத் திரும்பப் போட்டேன். அன்னைக்கும் ‘போ’. அப்பறந்தான் பாத்தேன், அந்தத் துண்டு கொஞ்சம் பெருசாக் கிழிச்சிருக்கேன். விரலுக்கு முதல்ல அதுதான தட்டும்? இப்படி அசட்டையா இருந்தா கர்த்தர் எப்படிப் பேசுவாரு? மூணாவது நாள் ஸ்கேல் வச்சு அளந்து கிழிச்சேன். மதியத்துல இருந்து அழுது ஜெபிச்சேன். ஆண்டவரே, எனக்கு அம்மா இல்ல, அப்பா இல்ல, புருஷன் பிள்ளை இல்ல, நீர் பாத்துச் சொல்லும்னேன். எடுத்தேன். ‘இரு’.

அப்ப எனக்கு வந்த சமாதானம் இருக்கே. அதை வச்சே சொல்லிருவேன் அது அவர் சித்தம்னு. எழும்பிப் போயி சோறு வடிச்சேன்.

பியூலா வந்ததும் சொன்னேன், கர்த்தர் இருன்னுட்டாரும்மான்னு. முந்தின ரெண்டு சீட்டையும் சொல்லல. எதுக்குச் சொல்லணும்? சின்னப் பிள்ளைய எதுக்குக் குழப்பணும்? அவ யூனிஃபார்மைக்கூட மாத்தாம நின்னா. அப்பறம், “கர்த்தர் சொன்னாச் சரிக்கா”ன்னு சொல்லிட்டு என் பக்கத்துல முழங்கால் போட்டா. என் தங்கச்சி தங்கம் பிள்ள, அன்னைக்கு அவ தங்கம். ஹென்றி வீட்டுக்கு நான் சொல்ல வேண்டாம்னு, அவளே நடந்து போயி அந்த அம்மாகிட்ட சொல்லிட்டு வந்தா.

ஒரு வருஷம் கழிச்சு அந்தப் பையன் லெட்டர் போட்டான். அவ பேருக்குத்தான் வந்துச்சு. ‘ஒரு வருஷம் ஜெபிச்சேன், என் மனசு மாறல, நீங்க மறுபடியும் ஒரு தரம் ஆண்டவர்கிட்ட கேட்டுப் பாக்க முடியுமா’ன்னு எழுதியிருந்தான். மரியாதையாத்தான் எழுதியிருந்தான், குத்தம் சொல்லல. அன்னைக்கு பியூலா நைட் டூட்டி முடிச்சுட்டு வந்து தூங்கிட்டு இருந்தா. அசந்து தூங்குற பிள்ளைய எழுப்பவா? நானே பதில் எழுதினேன். கர்த்தர் சொன்னது சொன்னதுதான், அவரைத் திரும்பத் திரும்பச் சோதிக்கக் கூடாது தம்பின்னு எழுதிப் போட்டுட்டேன். அவன் அப்பறம் மார்த்தாண்டத்துப் பொண்ணு ஒண்ணைக் கட்டிக்கிட்டான். அவளும் நர்ஸுதான்.

நான் அவனை ஒண்ணும் மறக்கல. எங்க வெள்ளிக்கிழமை ஜெபப் பட்டியல்ல அவன் பேரு பதினேழாவது. இருபத்திரெண்டு வருஷம் அவனுக்காக ஜெபிச்சிருக்கேன், அவன் குடும்பத்துக்காக, அந்த ஆஸ்பத்திரிக்காக. பியூலா பக்கத்துல உக்காந்து ஆமென் சொல்லுவா.

பொறவு அவளுக்கு வேற சம்பந்தமும் வந்துச்சு. ஆறேழு வந்திருக்கும். ஒவ்வொண்ணுக்கும் கேட்டேன். ஒவ்வொரு தரமும் ‘இரு’தான். நான் என்ன செய்ய? பின்னால சீட்டுப் போடுததையே விட்டுட்டேன். அத்தனை வருஷம் அவரோட பழகியாச்சு, அவர் மனசு எனக்குத் தெரியாதா?

நல்லாத்தான் பிள்ள இருந்தோம். நான் ரிட்டயர்டு ஆயி ரெண்டு வருஷம். அவ டூட்டிக்குப் போறா, வாறா. நான் சமைக்கேன். சாயங்காலம் ஜெபம், டிவியில செய்தி. ஒரு சண்டை கிடையாது, ஒரு மனவருத்தம் கிடையாது. எத்தனை வீட்டுல அப்படி இருக்கு?

போன ஆவணி மாசம் எங்க சர்ச்சுல மிஷனெரி ஞாயிறு. பேச வந்தது யாருங்கிற? ஹென்றி. தலை பூரா நரைச்சுட்டு, ஒரு காது கேக்கல, பொண்டாட்டி கூட வந்திருக்கா. ஆராதனை முடிஞ்சு வாசல்ல எல்லாரும் கை குடுக்காவ. பியூலாவப் பாத்ததும் அவன், நல்லா இருக்கீங்களா சிஸ்டர்னான். இவளும் நல்லா இருக்கேன்னா. அத்தோட விட்டிருக்கலாம். அவன் சிரிச்சுக்கிட்டே, “அந்த வருஷம் உங்களுக்கு லெட்டர் எழுதிட்டு ரொம்ப நாள் வெக்கப்பட்டேன் சிஸ்டர். உங்க அக்கா பதில் எழுதினாங்க. அதை ஆண்டவர் சொன்னதா எடுத்துக்கிட்டேன், சமாதானம் கிடைச்சுது”ங்கான்.

“எந்த லெட்டர்?”னா இவ.

அவன் முகம் மாறிட்டு. என்னைப் பாத்தான். அந்தப் பொண்டாட்டிக்காரி, “வாங்க, ஐயர் கூப்பிடுறாங்க”ன்னு அவன் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டா.

வேகமா வீட்டுக்கு நடந்தா. வந்து சேலையக்கூட மாத்தாம அவரைக்காய் நறுக்க உக்காந்தா. நறுக்கிக்கிட்டே கேட்டா.

“அந்த லெட்டர்ல என்னக்கா எழுதியிருந்துச்சு?”

நான் பொய் சொல்லுத ஆளில்ல. அப்படியே சொன்னேன். சொன்னதோட விடாம, நான் அவளுக்காக எவ்வளவு போராடினேன்னு அவளுக்குத் தெரியட்டும்னு அந்த மூணு நாளையும் சொன்னேன். பால்காரன் மணி, பெருசாக் கிழிச்ச துண்டு, மூணாம் நாள் ஸ்கேல் வச்சு அளந்தது, எல்லாத்தையும். உனக்காக எவ்வளவு பயத்தோட கேட்டிருக்கேன் பாருன்னேன். ஒரு அம்மா கேப்பாளா அப்படி?

அவ அரிவாமணைய மடக்கி வச்சா. காயை அப்படியே போட்டுட்டுப் பின்பக்கம் போனா. நான் எட்டிப் பாத்தேன். துணி துவைக்கா. காலைலதான் துவைச்சுக் காயப்போட்ட துணி. அதைக் கொடியில இருந்து எடுத்து, நனைச்சு, திரும்பத் துவைக்கா. கோவம் தணியட்டும்னு விட்டுட்டேன்.

கோவமா இருந்தாப் பரவாயில்லையே. சத்தம் போட்டிருந்தா நானும் ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். இவ எப்பவும் போல இருந்தா. எனக்குக் காலுக்குத் தைலம் தேச்சு விட்டா, சீனி டெஸ்டு எடுத்தா. ரெண்டு மாசம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது சொல்லுதா, “அக்கா, ஒரிசாவுல ஒரு ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போட்டிருந்தேன். வரச் சொல்லிட்டாங்க. தை மாசம் போறேன்.” அந்த ஹென்றி இருக்கிற இடம்னு தப்பா நினைச்சுராத. அது வேற ஆஸ்பத்திரி, அங்கருந்து இருநூறு மைலு. அந்த விஷயத்துல அவ மேல ஒரு தூசு சொல்ல முடியாது.

நான் தட்டைத் தள்ளி வச்சேன். “கர்த்தர்கிட்ட கேட்டியா?”ன்னேன்.

“இல்ல.”

“கேக்காமலா முடிவு பண்ணுன?”

“ஆமா.”

“இப்பவாவது கேளு. நானும் உபவாசம் இருக்கேன். ரெண்டு பேரும் சேந்து கேப்போம்.”

அவ கையைக் கழுவிட்டு வந்து என் முன்னாடி உக்காந்தா. சத்தமே உயத்தல. “வேண்டாம்க்கா. நான் கேட்டா நீதான் பதில் சொல்லுவ. இத்தனை வருஷமா அவர் சத்தம்னு நான் கேட்டதெல்லாம் உன் சத்தம். இப்ப அவர் நெசமாவே பேசினாக்கூட எனக்கு அடையாளம் தெரியாது. அதனால கேக்கல. அங்க ஆள் இல்ல, எனக்கு வேலை தெரியும், போறேன்.”

நீ சொல்லு பிள்ள. படிச்ச பிள்ளையா இருக்க. இதுக்கு என்ன அர்த்தம்? என் சத்தமாம். நானா போய்ச் சீட்டுக்குள்ள உக்காந்திருந்தேன்?

ஐயர்கிட்ட போனேன். புதுசா வந்திருக்கிற ஐயர், சின்ன வயசு. நீங்க கூப்பிட்டுப் புத்தி சொல்லுங்க, தேவ சித்தம் தெரியாமப் போறான்னேன். அவர் பேனாவ மூடி மூடித் திறக்காரு. “டீச்சர், அவங்களுக்கு நாப்பத்தஞ்சு வயசு”ங்காரு. நாப்பத்தஞ்சுன்னா? வயசுக்குத் தக்கபடி கர்த்தர் மாறுவாரா? அதோட, எந்த ஐயராவது ஊழியத்துக்குப் போறவளைத் தடுப்பாரான்னு சிரிச்சாரு. எழும்பி வந்துட்டேன்.

உபவாசம் இருந்தேன். அவ போகக் கூடாதுன்னு இருந்தேன், ஒளிக்கல. அஞ்சாவது நாள் அடுப்படியில மயங்கி விழுந்துட்டேன். சீனி இறங்கிட்டு. அவதான் தூக்கி உக்கார வச்சு, குளுக்கோஸ் கரைச்சுக் குடுத்து, கஞ்சி ஊத்தினா. ஸ்பூனால ஊட்டி விட்டா. நான் நினைச்சேன், இனி போக மாட்டான்னு. அக்கா இப்படி விழுந்து கிடக்கும்போது எப்படிப் போவா? கஞ்சி குடிச்சு முடிச்சதும் வாயத் துடைச்சு விட்டுட்டு, உள்ள போயி பெட்டி அடுக்குதா.

எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டா. பக்கத்து வீட்டு சொர்ணம் காலைல வந்து பாத்துட்டுப் போவா. மாத்திரையெல்லாம் டப்பாவுல கிழமை எழுதி ஒட்டியிருக்கா. செல்போன்ல அவ நம்பரை முதல்ல வச்சுக் குடுத்திருக்கா. ஒரு குறை சொல்ல முடியாது. குறை சொல்ல முடியாம வச்சுட்டுப் போறா பாரு, அதுதான் வயித்தெரிச்சல்.

இன்னைக்கு ஜங்ஷன்ல சர்ச்சுல இருந்து இருபது பேர் வந்திருந்தாவ. மாலை, சால்வை. ரயில் பெட்டி முன்னாடி வட்டமா நின்னு பாட்டுப் பாடினாவ. ஐயர் சொன்னாரு, “டீச்சர், நீங்க ஜெபம் பண்ணி அனுப்பி வைங்க.”

எல்லாரும் தலையைக் குனிஞ்சாவ. நானும் கண்ண மூடினேன். நாப்பது வருஷமா நான் ஜெபம் பண்ணாத வீடு இல்ல எங்க ஊர்ல. கல்யாண வீடு, எழவு வீடு, புது மாடு வாங்கின வீடு. வாயத் திறந்தா அருவி மாதிரி கொட்டும். இன்னைக்கு வாயத் திறந்தேன், ஒண்ணும் வரல. ‘ஆண்டவரே’ன்னேன். அதோட நின்னுட்டு. அவர் ஏதாவது எடுத்துக் குடுப்பாருன்னு நிக்கேன். எல்லாரும் நிக்காவ. மைக்ல ரயில் கிளம்பப் போகுதுன்னு சொல்லுதான். நான் நிக்கேன்.

பியூலாதான் என் கையப் பிடிச்சா. அவளே ஜெபம் பண்ணினா. அவ வெளியில ஜெபம் பண்ணி யாரும் கேட்டதில்ல. “ஆண்டவரே, எங்கக்கா நேரத்துக்குச் சாப்பிடணும். ராத்திரி பயப்படாமத் தூங்கணும். ஆமென்.” அவ்வளவுதான். தனக்கு ஒரு வார்த்தை கேக்கல. போற வழிக்குக் கேக்கல, அந்த ஊருக்குக் கேக்கல. ஏறிட்டா. ஜன்னல் வழியா என் கன்னத்தத் தொட்டா. அழுதாளான்னு கேளு. இல்ல. அந்தக் கன்வென்ஷன் பந்தல்ல பாத்தேன்னு சொன்னேனே, அதுக்கப்பறம் இன்னைக்குத்தான் அவளுக்கு அப்படி ஒரு முகம். கேக்காதவளுக்கு அந்த முகம்.

ரயில் போனப்பறம் எல்லாரும் காப்பி குடிக்கப் போயிட்டாவ. நான் பெஞ்சுல உக்காந்து அவர்கிட்ட கேட்டேன், வெறும் வாயால, சீட்டு இல்லாம. நான் செஞ்சது தப்பா ஆண்டவரேன்னு கேட்டேன். ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்ல. ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். எதிர் பிளாட்பாரத்துல ஒரு ரயில் வந்து, ஆள் இறங்கி, அதுவும் போயிட்டு.

ஒண்ணு சொல்லுதேன். நீ யாரோ, உன் பேருகூட நான் கேக்கல, இறங்கிப் போயிருவ. அதனால சொல்லுதேன். எனக்கு ஒரு நாளும் ஒண்ணும் கேட்டதில்ல பிள்ள. சாட்சி சொல்லுத கூட்டத்துல எல்லாரும் சொல்லுவாவ, என்னோட பேசினாரு, கனவுல வந்தாரு, காதுல மெல்லச் சொன்னாருன்னு. நானும் சொல்லியிருக்கேன், மேடையில நின்னு. நாப்பது வருஷம் முழங்கால்ல நின்னு முட்டி ரெண்டும் கருத்துப் போச்சு. ஒரு சத்தம், ஒரு முணுமுணுப்பு, ஒண்ணும் இல்ல.

அதுக்காக வீட்டை அப்படியே விட முடியுமா? அவ எட்டு வயசுல என் முகத்தப் பாத்து, இனி என்னக்கா செய்யன்னு கேட்டா. அவர் பேசுற வரைக்கும் இருன்னா சொல்ல முடியும்? அவர் பேசலன்னா, பெரியவன்னு இருக்கிறவ பேசித்தான ஆகணும். நான் பேசினேன். அதுல என்ன தப்பு? தப்புன்னா அவர் அப்பவே சொல்லியிருக்கலாமே. வாய் இருக்கில்ல அவருக்கு?

பொறு, போன் அடிக்கி. பைக்குள்ள எங்கயோ கிடக்கு. அவதான், அவளாத்தான் இருக்கும். எடுக்க மாட்டேன். கேக்காமப் போனவதான, அடிச்சுக்கிட்டே இருக்கட்டும். எவ்வளவு நேரம் அடிக்கான்னு பாப்போம்.

நின்னுட்டு.

நின்னா நிக்கட்டும். திரும்ப அடிப்பா. அவளுக்கு என்னைத் தெரியும், முதல் தரம் எடுக்க மாட்டேன்னு தெரியும். ரெண்டாந்தரம் அடிப்பா. ஜன்னலைக் கொஞ்சம் சாத்து பிள்ள, காத்து இரையுது, மணி கேக்காமப் போயிரும்.

என் விலக்கு வந்துட்டா? இல்ல, நீ இரு, அடுத்த ஸ்டாப்புல இறங்கிக்கிடுதேன். கண்டக்டர்கிட்ட சொல்லிக்கிடலாம். நீயும் சத்தம் போடாம இரு கொஞ்சம்.

இந்தப் பக்கம் டவர் சரியாக் கிடைக்காது. அதனாலதான் இருக்கும்.